சாமியா, ஆளா?

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. ஊட்டி பஸ் ஏறுமுன் நுழைகிறேன். மில்லுக்கு மிஷின் மாட்ட வந்த ஜப்பான்காரர் ஊர் திரும்பும்போது எனக்குத் தந்த படம் கையில் இருக்கிறது. சுருட்டிக்கொண்டு வந்ததில் முனை மடங்கிவிட்டது.

கடைக்கார பாய் அதை மேசையில் விரிக்கிறார். தாடியும் உருட்டிய விழியுமாக ஒருவன் வாளை ஓங்கி நிற்கிறான். கறுப்புக் கோடுகள் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தவை. செம்மஞ்சள் மட்டும் அந்தக் காலத்தில் யாரோ கையால் பூசியது; வாளருகே கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது.

ரெடிமேட் சட்டத்துக்குப் படம் கொஞ்சம் பெரிசு. பாய் ஓரத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துக் கத்தியை எடுக்கிறார்.

"வெட்டாதீங்க பாய், ரொம்பப் பழைய படம்."

"வெறும் ஓரந்தானுங்க." கத்தி நிற்கிறது. "ஏனுங்க, இது சாமிங்களா, ஆளுங்களா?"

"அவங்க ஊர்க் கதையில வர்ற வீரன். பேரு ஷோகி. அவமானம் தாங்காம உயிரை விட்டுட்டான். அப்புறம் பேய் விரட்டுறவனா ஆயிட்டான்."

"அது சரிங்க. ஆளுன்னா வெட்டிப்போடலாமுங்க. சாமி படத்துல நான் கத்தி வெக்கமாட்டனுங்க."

நான் கோயில் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது.

"சாமிதான் பாய்."

கத்தி மேசை டிராயருக்குள் போகிறது. பெரிய சட்டம் வருகிறது. ஆணி அடித்து முடித்து, முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே ஷோகியைச் சாய்த்து வைக்கிறார்.

"மாலை மாட்ட ரெண்டு பக்கமும் கொக்கி வெச்சுப்போடட்டுங்களா?"

ஷோகி என்னையே முறைக்கிறான்.

"வையுங்க பாய்."