இல்லாத கடைசிச் சுருள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில் பழைய காதல் நகைச்சுவைப் படம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அது ஊமைப்படம் என்பது எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டு, "ஆரப்பா அங்கை, சவுண்டைப் போடுங்கோவன்!" என்று கத்தினேன். மண்டபமே சிரித்தது.

பக்கத்து இருக்கைத் தம்பதி மட்டும் திரும்பவேயில்லை. தாங்கள் பெரிய ஆட்கள் என்ற நினைப்புப்போலும் என்று எரிச்சல் வந்தது. பிறகுதான் அவர்களுடைய கைகளைக் கண்டேன். இருவருக்கும் காது கேளாது. கைகளாலேயே கதைத்து, எங்கள் எல்லோரையும்விட முந்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் தொப்பிக்காரன் ஒருவன் மழைக்குள் விழுந்தெழும்பி, குடையோடு நின்ற காதலியிடம் ஓடினான். சட்டென்று திரை வெள்ளையானது.

"இந்தப் படத்தின்ரை கடைசிச் சுருள் உலகத்திலை எங்கையும் இல்லையாம். குறை நினையாதேங்கோ," என்றார் படம் போட்டவர்.

எல்லோரும் எழும்பினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மட்டும், அந்த வெள்ளை வெளிச்சத்தில், இல்லாத தொப்பியைக் கழற்றி மனைவிக்கு வணக்கம் வைத்தார். மனைவி வெட்கத்தோடு இல்லாத குடையை விரித்து அவரை உள்ளே இழுத்தார். நான் வாய் பிளந்து பார்ப்பதைக் கண்டதும், குடையை என் தலைக்கு மேலும் சற்றுச் சரித்தார். மழைச் சத்தம் எனக்குக் கேட்டது.

அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லையாம். நான் இருக்கிறேன்.