அண்ணி விடாத பிழை

இதைக் கண்டெடுப்பவரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். யாருக்கும் காட்டாதீர்கள். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணி இறந்த செய்தி வந்தபோது கட்டுகஸ்தோட்டையில் டியூஷன் வகுப்பில் இருந்தேன். பாடம் நடத்திய சேர் தன் போனை என்னிடம் நீட்டினார். “தங்கச்சி, அண்ணி போயிட்டா. வீட்டுக்கு வா” என்றார் அண்ணா. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற பயம்தான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அண்ணியின் ஊர் சாவகச்சேரி. திருமணமாகி ஹந்தானை வீதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதம் முழுவதும், கண்டிக் குளிர் தாங்காமல் அண்ணாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் இருந்தார். நகரத்தில் ஒரு தனியார் கண் சிகிச்சை நிலையத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தார். நோயாளிகளின் பெயர், தொலைபேசி எண், அவர்கள் வரவேண்டிய நாள் எல்லாம் ஓர் இணையச் சேவையில் இருந்தன. அண்ணி ஜாவாஸ்கிரிப்டில் சிறிய நிரல்கள் எழுதி, நோட் ஜே.எஸ். என்ற மென்பொருளில் ஓட்டுவார். எங்கோ தூரத்தில் இருக்கும் அந்தத் தரவை அவை எஸ்.கியூ.எல். மொழியில் விசாரிக்கும். நாளை வரவேண்டியவர்கள் யார் என்று கேட்டால் பெயர்கள் வரிசையாக வரும். இன்னொரு நிரல் மாலையில் தானாகவே அவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்.

அண்ணி அந்தப் பெயர்களை வாய்விட்டு வாசிப்பார். “வத்தேகம மரக்கறிக்கடை ஐயாவுக்கு மற்றக் கண்ணிலயும் புரை வெட்டப்போகினம், பாவம்” என்பார். அவரை அண்ணி ஒருநாளும் கண்டதில்லை.

நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். தொட விடமாட்டார். “இது அடுத்த வீட்டு அலுமாரி மாதிரி, பிள்ளை. திறக்க விட்டிருக்கினம் எண்டதுக்காகக் கலைக்கேலாது.”

ஒரு புதன்கிழமை பின்னேரம் அவர் குசினியில் இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். புசல்லாவையிலிருந்து ஓர் அம்மா அழைத்து, தன் வருகையை மறுநாள் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மாற்றச் சொன்னார். அண்ணியின் கையெல்லாம் மா. “பிள்ளை, அந்த நிரல் திறந்துதான் கிடக்கு. திகதியை மாத்தி, கடைசி வரியில அவவின்ர பதிவு எண்ணைப் போட்டு ஓட்டிவிடும்” என்றார்.

யாருடைய பதிவை மாற்றவேண்டும் என்று சொல்வது அந்தக் கடைசி வரிதான். எண்ணைப் பிறகு போடலாம், முதலில் ஓடுகிறதா பார்ப்போம் என்று அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். மாற்றிய பதிவுகள் ஒன்று என்று வரவேண்டிய இடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது.

பார்த்தேன். எல்லோருடைய நாளையும் மாற்றிவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. கடைசி வரியைத் திரும்பப் போட்டு மறுபடி ஓட்டினேன். ஒன்று என்று வந்தது. “சரி அண்ணி” என்றேன்.

அந்த வியாழக்கிழமை காலை நிலையத்திலிருந்து அழைத்தார்கள். பாடசாலை விடுமுறை என்பதால் அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு ஓடினார். படிக்கட்டிலிருந்து வீதிவரை ஆட்கள். கண்ணில் கட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். எல்லோருடைய போனிலும் ஒரே நாள், எட்டு மணி.

“எல்லாத்துக்கும் எட்டு மணின்னா டாக்டருக்கு எத்தன கையி?” என்றார் ஒரு பெரியவர். “விடுங்கண்ணே, இருட்டுறதுக்குள்ள பாத்துடுவாங்க. நமக்குத்தான் பகலும் இருட்டாச்சே” என்றார் பக்கத்தில் நின்றவர். சிரித்தார்கள். நான் அண்ணியின் பின்னால் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அந்தச் சேவையின் மாற்றப் பதிவைத் திறந்தார். எல்லாம் மாறிய நேரம் நான்கு பன்னிரண்டு, அவர் மா குழைத்துக்கொண்டிருந்த நேரம். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“ஓடினாப் பிறகு எத்தினை பதிவு மாறினது எண்டு பாத்தனீரோ?”

தலையாட்டினேன்.

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “அந்தச் சேவைக்குள்ள போற சாவி என்ர பேரில இருக்கு. நான்தான் பதில் சொல்லோணும். நீர் போய்ப் படியும்” என்றார். பழைய குறுஞ்செய்திகளையும் நிலையத்துப் பதிவேட்டையும் வைத்து, இரண்டு நாள் இருந்து ஒவ்வொருவருடைய நாளையும் திருப்பி வைத்தார். ஆனாலும் வேலை போனது.

அண்ணா மாநகரசபையில் எழுதுவினைஞர். அங்கேயும் கதை போய்விட்டது. “கண்ணு தெரியாதவங்கள பஸ்ஸில ஏத்தி அலைய விட்டுட்டியே. எப்பவும் அவசரம்” என்று என் முன்னாலேயே ஏசினார். அண்ணி என் பக்கம் திரும்பவேயில்லை. “ஓம், கவனிச்சிருக்கோணும்” என்றார். அதன்பிறகு அண்ணா அவரோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது வாரம் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது.

அண்ணி இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய அப்பா நினைவு மலர் அச்சிடுகிறார். அண்ணா எழுதிய பக்கத்தை இன்று மேசையில் பார்த்தேன். ‘அவசரம் ஒன்றே அவளிடம் இருந்த குறை. அவள் விட்ட அந்தப் பிழையை நான் என்றோ மன்னித்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறார். காலையில் அது அச்சகத்துக்குப் போகும். சாவகச்சேரியில் வீடு வீடாகக் கொடுப்பார்கள். அண்ணியின் அம்மா அதைப் படிப்பார். சொன்னால் அண்ணா என் முகத்தில் இனி விழிப்பாரா என்று தெரியவில்லை.

அண்ணி, நாள்களைத் திருப்பி வைத்த அந்த இரண்டாம் நாள் உங்களைக் கதவோரம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு பெயரையும் வாசித்து, “குறை நினையாதேங்கோ” என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனீர்கள். அப்படித்தான் உங்களை நினைவில் வைத்திருக்கிறேன். நிம்மதியாகப் போங்கள். அச்சகத்துக்குப் போகுமுன் நான் அண்ணாவிடம்

கதவைத் தட்டுகிறார்கள்.

“தங்கச்சி, லைட் எரியுதே. தூங்கலதானே? அண்ணியப் பத்தி நான் எழுதினது சரியான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றியா?”

சரியில்லை என்று சொல்லப்போகிறேன்.