பெயர் மாறிய கட்டியும் டாக்டர் தவமணியும்

கிள்ளான் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது லேப்பிலிருந்து அழைத்தார்கள். "அக்கா, டாக்டர் தவமணி போய்ட்டாங்க. பிரிக்பீல்ட்ஸ் வீட்ல, தூக்கத்திலேயே. ரெண்டு நாளா ஆளக் காணோமேன்னு பக்கத்து வீட்டு ஆன்டிதான் கதவத் தட்டியிருக்காங்க." வந்த ரயிலில் நான் ஏறவில்லை.

திசுக்களைப் பரிசோதித்து நோயைச் சொல்லும் மருத்துவர் அவர். ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றித் தருவது என் வேலை. பத்தொன்பது ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். அவருக்குக் குடும்பம் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. நோயாளிகளின் முகத்தை அவர் பார்ப்பது வழக்கமில்லை. அவர்கள் கழுத்திலிருந்து ஊசியால் எடுத்த செல்கள் மட்டுமே அவரிடம் வரும்.

தைராய்டுக் கட்டிகளில் ஊசிப் பரிசோதனை பல நேரம் நடுவில் நின்றுவிடும். புற்று என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. "கேன்சரா இல்லையா, சொல்லிடுங்க லா" என்று சர்ஜன்கள் நெருக்குவார்கள். "ஆபத்து எவ்வளவுன்னுதான் சொல்ல முடியும்" என்பார் டாக்டர்.

பிறகு ஒரு பெயர் மாறியது. உறைக்குள்ளேயே அடங்கி வெளியே பரவாத ஒரு வகைக் கட்டி, பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை என்று தெரியவந்தது. அதன் பெயரிலிருந்து புற்று என்ற சொல்லை நிபுணர்கள் நீக்கினார்கள். எனக்கு அது ரிப்போர்ட்டில் மாற்ற வேண்டிய ஒரு வரி. டாக்டர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

"ஊசியில தெரியுறது மாறல விமலா. ஆனா ஆபரேஷனுக்குப் பிறகு கேன்சர்னு எண்ணினதுல ஒரு பங்கு இனி கேன்சர் இல்ல. அப்போ நாம சொல்ற ஆபத்தும் குறையணும்."

பழைய ஸ்லைடுகளை எடுத்துத் தரச் சொல்லி, வாரக்கணக்கில் மறுபடி பார்த்தார். கட்டியின் பெயர் மாறியவர்களுக்கு ஆஸ்பத்திரி கடிதம் அனுப்பியது. ஜெஞ்சாரோமில் இருந்த புஷ்பா மட்டும், அன்று ரிப்போர்ட் எழுதியவரே நேரில் வந்து சொல்லட்டும் என்று கேட்டார். டாக்டர் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"உங்களுக்கு இருந்தத இப்போ நாங்க கேன்சர்னு சொல்றதில்லம்மா."

"அப்போ அன்னைக்குச் சொன்னது பொய்யா டாக்டர்?"

"அன்னைக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். எழுதினது நான்."

புஷ்பா கழுத்துத் தழும்பைத் தொட்டுக்கொண்டார். "அப்போ எனக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணி வச்சிருந்தாங்க. நோயாளிய யாரும் சுமக்க வேணாம்னு நானே நிறுத்திட்டேன்."

டாக்டர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "மன்னிச்சிருங்கம்மா" என்றார். "டீ ஆறுது, குடிங்க டாக்டர்" என்றார் புஷ்பா.

திரும்பும் வழியில் டாக்டர் ஒன்றுதான் சொன்னார்: "திட்டியிருந்தா தேவலாம்."

அதன்பின் நடுவில் நிற்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அவரே சர்ஜனை அழைத்தார். ஆபத்து முன்பு நினைத்த அளவு இல்லை, முழுச் சுரப்பியையும் எடுக்கும் முன் யோசியுங்கள் என்பார். சிலர் சலித்துக்கொண்டார்கள். சிலர் பாதிச் சுரப்பியை எடுப்பதோடு நிறுத்தினார்கள். மீதிப் பாதியோடு வாழ்பவர்களுக்கு இவர் பெயர் தெரியாது.

தகனத்துக்கு ஆறு பேர் வந்தோம். மறுநாள் காலை அஸ்தியோடு கிள்ளான் துறைமுகத்தில் நான் மட்டும் படகேறினேன்.

"அம்மாவாக்கா?" என்று கேட்டார் படகுக்காரர்.

"இல்லண்ணே. கூட வேல செஞ்சவங்க."

அவர் மோட்டாரை நிறுத்தினார். நான் தூவிய சாம்பல் சிறிது நேரம் நீரின் மேலேயே நின்றது, பிறகு கலைந்தது. போய் வாருங்கள், டாக்டர்.