பெரியம்மாவின் மேல் நடக்காதவள்

சலவைக்கூடையை இடுப்பில் ஏந்தியபடி வெர்னா புல்சரிவு வழியாகச் சுற்றி வருகிறாள். பாதையில் வந்தால் இருபது தப்படிதான். அவள் நடப்பது நூறுக்கு மேல். ஒரு மழைநாளில் அவள் வழுக்கி விழ, மணிக்கட்டில் நான்தான் கட்டுப் போட்டுவிட்டேன். மறுநாளும் அதே சரிவுதான். பாதையில் கொட்டியிருக்கும் சிவப்புச் சரளை, தோட்டத்துக்கு அப்பால் நிற்கும் எரிமலைக் குன்றிலிருந்து வெட்டிக் கொண்டுவந்தது.

இந்த முதியோர் இல்லத்தில் எனக்குத் தாதி வேலை, முப்பது வருடமாக. வெர்னா துணி துவைக்க வந்து பதினொரு வருடம். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். குன்றை அவள் விரலால் சுட்டமாட்டாள். உதட்டைக் குவித்துக் காட்டுவாள். "உன் பெரியம்மாகிட்ட விரலை நீட்டிப் பேசுவியா சிஸ்டர்? அறை விழாது?"

அவர்கள் பழங்குடியினருக்கு அந்தக் குன்று பெரியம்மா. நெருப்பு மூட்டிக் குளிர்காய உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. சாலை போடுகிறவர்களுக்கு அது நல்ல சரளை.

போன வருடம் வெர்னாவின் அக்கா மேவிஸ் நுரையீரல் கெட்டு எங்களிடம் வந்தாள். தோட்டத்து மூலையிலிருந்துதான் குன்று தெரியும். சரிவில் சக்கர நாற்காலி இறங்காது. சரளைப் பாதை ஒன்றே வழி.

"அவ மேல சக்கரத்த ஏத்தச் சொல்றியா? போடி" என்று என்னை விரட்டிவிட்டு மேவிஸ் அறையிலேயே கிடந்தாள். தினமும் வெர்னாவிடம் ஒரே கேள்வி: "பெரியம்மா எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா."

பொய். அந்த ஒரு வருடத்தில் குன்றின் இடது பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். சொல்லிவிடு என்றேன். "நீ உன் மாத்திரையப் பாரு சிஸ்டர்" என்றாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மேவிஸின் மூச்சு மாறியது. எனக்கு அந்த மூச்சு பழக்கம். மிஞ்சினால் மூன்று நாள். "ஒரு தடவ அவளப் பாத்துடறேன்" என்றாள்.

வெர்னா சலவையறைக்குப் போனாள். மடித்து வைத்திருந்த விரிப்புகளை அள்ளி வந்து, நாலாக மடித்துச் சரளைமேல் போட்டாள். நான் நாற்காலியைத் தள்ளினேன். சக்கரம் கடந்த விரிப்பை உருவி, புல்லோரமாக ஓடி, முன்னால் போட்டாள்.

"மகாராணி வர்ற மாதிரி இருக்குடி" என்று மேவிஸ் சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

"ஆடாம உக்காருக்கா. அத்தனையும் துவைக்கப் போறவ நானு."

மூலை வந்ததும் வெர்னா விரிப்பைப் போட்டுவிட்டு, அக்காவுக்கு முன்னால் இடப்பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

"தள்ளி நில்லுடி, மறைக்கிற."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது, பாரு."

மேவிஸ் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "நீ நிக்கிற எடத்துல என்னடி இருக்கு?"

வெர்னா இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை இன்னும் அகலமாக விரித்தாள்.