ரேடியோ அக்காவுக்கு வாங்கிய சல்லடை

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் ஆறு பெரிய இயந்திரங்கள். ஆறும் சேர்ந்து சுற்றத் தொடங்கினால், பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது வெறும் வாயசைப்பாகத்தான் தெரியும். அந்த இரைச்சலுக்கு நடுவே இருபத்திரண்டு வருஷம் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துவைத்து எடுத்தவள் ரேடியோ அக்கா. எந்நேரமும் காதில் ஹெட்போன் இருந்ததால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் விசாரித்ததில்லை. பட்டப்பெயருக்கு யார் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள்?

அவளுடைய ஹெட்போன் காதை முழுக்கப் பொத்தி மூடுகிற வகை. வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்ளே பாடுவது வெளியே போகாது. இடப்பக்கம் உடைந்த இணைப்பை ஆஸ்பத்திரி பிளாஸ்திரியால் சுற்றியிருந்தாள். துவைத்து முடிந்தால் இயந்திரத்தின் தலையில் சிவப்பு விளக்கு எரியும். அதனால் கண் வேலைக்கு, காது பாட்டுக்கு என்று பங்கு பிரித்துவிட்டாள். அவளுக்குப் பிடித்ததெல்லாம் நிதானமான பாட்டு. ஒரு குரல், துணைக்கு ஒரு தந்திக் கருவி. பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்க வேண்டும்.

அவள் கணவர் அப்படியே நேர் எதிர். பஸ் கண்டக்டராக இருந்தவர். முன்படியில் நின்று நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால், பின்சீட்டில் தூங்குகிறவர் எழுந்து இறங்கிவிடுவார். அவருக்கு டிரம்ஸ் அதிர வேண்டும், நெஞ்சில் இடிக்க வேண்டும். "உன் பாட்டைக் கேட்டா பஸ் பஞ்சராகி நிக்கிற மாதிரி இருக்கு" என்பார். "நான் நாள் முழுக்க இடியிலதான் நிக்கிறேன். வீட்டுலயும் இடியா?" என்பாள் அவள். ஆகவே வீட்டில் பாட்டுப் பெட்டியே கிடையாது. அது ஒரு சமாதான உடன்படிக்கை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் பாதி திரும்பி வந்தன. குரல்தான் திரும்பவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அவள் வேலைக்குப் போகும் நேரம் அவருடைய தங்கை வந்து பார்த்துக்கொள்வாள்.

நோய் வந்த முதல் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தூங்குகிறாரே என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தாள். மூன்று பாட்டு கேட்டிருப்பாள். எழுந்து போய்ப் பார்த்தால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டு உதடு காய்ந்திருந்தது. "பாட்டு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அவளுக்கு நாலு அறை வாங்கியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அன்றோடு வீட்டில் அதைத் தொடுவதில்லை.

எனவே ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க, "இனிமே வீட்டுல காலை நீட்டிப் பாட்டுக் கேளுங்கக்கா" என்று எல்லாரும் சொன்னபோது சிரித்து வைத்தாள். வேலையோடு பாட்டும் முடிகிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். சொன்னால், புருஷனைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

கடைசி நாள் வந்தது. சலவைப் பிரிவில் எல்லாரும் சேர்ந்து ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். வாங்கிவந்தவர் இஸ்திரிக்காரர். ஐம்பது வயது, தெரியாது என்று ஒரு சொல் உலகத்தில் இருப்பதையே அறியாதவர். உள்ளே புது ஹெட்போன். வெளிப்பக்கம் மூடியில்லாமல் சல்லடை போல வலை பின்னியிருந்தது.

"மாட்டுங்கக்கா" என்றார்.

மாட்டினாள். பாட்டைப் போட்டாள். ஆறு இயந்திரமும் அப்படியே காதுக்குள் வந்து உட்கார்ந்தன. பாடகி தொலைவில் எங்கோ வாயசைத்தாள். அக்கா முகத்தைப் பார்த்து எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"காசு குடுத்து ஓட்டையை வாங்கிட்டு வந்திருக்கான்" என்றார் சூப்பர்வைசர்.

இஸ்திரிக்காரர் முகம் சுருங்கிப் போயிற்று. "என்ன பாட்டு கேட்பாங்கன்னு கடையில கேட்டாங்க. குரல் பாட்டு, மெதுவான பாட்டுன்னு சொன்னேன். அப்ப இதுதான்னாங்க. மூச்சுகூடக் கேட்கும்னு சொன்னாங்க." என்ன பாட்டு என்று கேட்ட கடைக்காரர் எந்த இடம் என்று கேட்கவில்லை. சர்வமும் அறிந்த நம் ஆளும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்கா. மாத்திக் குடுத்துடறேன்."

"எதுக்குத் தம்பி" என்றாள். அவள் மனதில், மாற்றி வந்தாலும் அது பரணுக்குத்தான் போகப்போகிறது.

சனிக்கிழமை காலை, திருப்பிக் கொடுக்கப் போகிற பொருள்தானே, ஒரு தரம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கணவர் உள்ளறையில் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சல்லடையை மாட்டினாள். பாட்டு வந்தது. இத்தனை வருஷம் மண்டைக்குள் பாடியவள், இன்று எதிரே உட்கார்ந்து பாடினாள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மூச்சு கேட்டது.

இரண்டாவது பாட்டின் நடுவில் இன்னொன்றும் கேட்டது.

"தண்ணி."

ஓடினாள். அவர் அவள் தலையைப் பார்த்தார். "காதுல மாட்டியிருக்கியே. எப்படிக் கேட்டுச்சு?"

"கேட்டுச்சுங்க. இருங்க, இன்னொரு தரம் கூப்பிடுங்க." சமையலறைக்குத் திரும்பி ஓடினாள். கூப்பிட்டார். கேட்டது. பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். மறுபடியும் கேட்டது. பின்கட்டுக்குப் போய் நின்றாள். அங்கேயும் கேட்டது.

"பஸ்ல கூட இத்தனை தரம் கூப்பிட்டதில்ல. முதல்ல தண்ணியைக் குடு" என்றார் அவர்.

தண்ணீரைக் கொடுத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். இஸ்திரிக்காரர் நன்றாக இருக்கட்டும், அந்தக் கடை நன்றாக இருக்கட்டும், கூட்டிப் பெருக்குகிறவள் முதற்கொண்டு பங்கு போட்ட அத்தனை பேரும் அவர்கள் பிள்ளைகுட்டிகளும் நன்றாக இருக்கட்டும் என்று ஒவ்வொருவராக நினைத்து அழுதாள். வேண்டும் என்று தேடியிருந்தால் இப்படி ஒன்று கிடைத்திருக்காது. அவளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாதே.

மறுநாள் காலை கணவருக்கும் ஆசை வந்துவிட்டது. "அந்தக் கொசு என்னதான் பாடுது, குடு பார்ப்போம்." வலை வழியாகக் கசிந்த பாட்டு அவருக்குக் கொசுவாம். அவருக்குப் பிடித்த டிரம்ஸைத் தேடிப் போட்டு அவர் தலையில் மாட்டினாள். அரை நிமிஷத்தில் கழற்றினார்.

"அட்டைப்பெட்டியைத் தட்டுற மாதிரி இருக்கு. இடியே இல்ல."

அவள் யோசித்தாள். பரணில் வைக்க எடுத்த பழையதைத் துடைத்து, பிளாஸ்திரியைப் புதிதாகச் சுற்றி, அவருக்கு மாட்டினாள். மூடிய கிண்ணத்துக்குள் டிரம்ஸ் வெளியே போக வழியில்லாமல் முட்டி மோதியது. அவர் வாயின் ஒருபக்கம் சிரித்தது. இடக்கை நாற்காலிப் பிடியில் தாளம் போடத் தொடங்கியது. மூன்று வருஷமாக அந்தக் கை தாளத்தை மறந்திருந்தது.

அப்போதுதான் வாசலில் மணி அடித்தது. இஸ்திரிக்காரர் ரசீதும் கையுமாக நின்றார். "மன்னிச்சுக்கங்கக்கா. குடுங்க, மாத்திட்டு வந்துடறேன்."

"யாரு குடுப்பா? தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் அக்கா. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். விழுந்து கிடந்ததையும் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாததெல்லாம் அன்று வந்தது. "தப்பா வாங்கினதா நினைச்சியே தம்பி. நீ பாட்டை மட்டுமா வாங்கிக் குடுத்தே? எனக்கு அவர் குரலையும் சேர்த்துக் குடுத்திருக்கே."

இஸ்திரிக்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

"யாரு வந்திருக்கா?"

இருவரும் திடுக்கிட்டார்கள். உள்ளறையிலிருந்துதான் வந்தது; வாசலில் கிடந்த செருப்பை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். கிணற்றுக்குரல் இல்லை. முன்படியில் நின்று பின்சீட்டை எழுப்புகிற குரல். கொஞ்சம் குழறல் இருந்தது, ஆனால் ஆள் அதே ஆள். டிரம்ஸ் இடிக்கு மேலே பேச வேண்டுமென்று அவருக்கே தெரியாமல் கத்தினார்.

"டீ போட்டுக் குடுத்தியா அவருக்கு?" என்று மறுபடி வந்தது. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா உள்ளறைப் பக்கம் திரும்பினாள். இந்தக் குரலை இனிக் கேட்கவே போவதில்லை என்று எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா இவ்வளவு சத்தமாவா பேசுவாரு?" என்றார் இஸ்திரிக்காரர்.

"மெதுவாச் சொல்லு. கத்துறோம்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா பழையபடி உள்ள இழுத்துக்குவாரு." கண்ணைத் துடைத்தபடி கெஞ்சினாள். "நீ எதுவும் சொல்லிடாதே தம்பி."

இஸ்திரிக்காரர் ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உங்ககிட்ட நாங்க சொன்னோமாக்கா? அந்தப் பழசை மாட்டிக்கிட்டு நீங்க பாடுறது ஆறு மெஷினையும் தாண்டி இஸ்திரி மேஜை வரைக்கும் கேட்கும். இத்தனை வருஷமா ஒருத்தராவது வாயைத் திறந்திருப்போமா? சொன்னா நிறுத்திடுவீங்களே."