முடி முளைத்த வெள்ளையணுக்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்களை ஊசி குத்திய கையாக மட்டும்தான் நோயாளிகள் ஞாபகம் வைத்திருப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து வலி வந்த, என்னைப் போன்ற லேப்காரர்களான உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

மெஷின் பார்க்காதது

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருந்தேன். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் தேவகி அக்கா வந்தார். மாதக்கணக்கில் சோர்வு, விட்டுவிட்டுக் காய்ச்சல். எல்லா அணுக்களும் குறைவு என்று மட்டும் மெஷின் அச்சடித்துத் தந்தது. மனசு கேட்காமல் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தேன். நூற்றுக்கு நாலைந்து வெள்ளையணுக்களின் ஓரத்தில் மெல்லிய முடி முளைத்தது போல இருந்தது. புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த, அபூர்வமான ரத்தப் புற்றுநோய். ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஸ்டெல்லா, இந்த ஸ்லைடைக் கழுவிடாதே, எனக்கு வேணும்.”

தேறுவேனா?

எலும்பு மஜ்ஜைச் சோதனையும் அதையே சொன்னது. ஊசி குத்தும்போது அக்கா என்னைத்தான் கேட்டார், “நான் பொழைப்பேனாம்மா?” என்று. பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது. டாக்டரம்மாவே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். “மண்ணீரல் ரொம்பப் பெருசாகல. ரத்தமும் ஒரேயடியா இறங்கல. அதனால இந்த மருந்து உங்களுக்கு நல்லா கேக்கும்னு நம்பறேன். ஏழு நாள் டிரிப்ஸ்ல ஏத்தணும். ஆனா முதல்ல அணுக்கள் இன்னும் குறையும், பயப்படக் கூடாது.” அக்காவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“மருந்து ஏறசொல்ல மீன் கொழம்பு துன்னலாமா, அத்த மட்டும் சொல்லு.”

லேப் ஜன்னல்

சொன்னபடியே குறைந்தது. கூடவே கடும் காய்ச்சல். அக்காவின் கணவர் ஏழுமலை தினமும் காலையில் லேப் ஜன்னலில் வந்து நிற்பார். “இன்னா சிஸ்டர், இன்னும் எறங்கிகினு கீதே?” என்பார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தே ரிப்போர்ட்டை நீட்டுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் மட்டும் ஏறியிருந்தன. மருந்து கேட்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். மெஷினை நம்பாமல் கையால் இரண்டு முறை எண்ணினேன். ஏறித்தான் இருந்தது. ஜன்னலில் அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. ஏழுமலை திகைத்துப்போனார்.

“நம்பர் எங்க வூட்டுக்காரிது, நீ இன்னாத்துக்கு சிஸ்டர் அழுவுற?”

ஆறாம் மாதம்

மறுபடி மஜ்ஜை எடுத்தோம். நோய் திரும்ப வரலாம், ஆனால் நல்ல வருஷங்கள் நிறைய இருக்கின்றன என்றார் டாக்டரம்மா. தானும் பார்க்க வேண்டும் என்று அக்கா அடம்பிடித்தார். டாக்டரம்மா பத்திரப்படுத்தியிருந்த பழைய ஸ்லைடை முதலில் காட்டினேன், பிறகு புதியதை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூலை மூலையாகத் தேடினார்.

“மசுரு வச்சது ஒண்ணியும் காணோமே! அப்ப நாளைக்கி நான் மீன் ஏலத்துக்குப் போறேன்.”

எத்தனையோ ஆயிரம் அணுக்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன் என்றாலும், தேடியது கிடைக்கவில்லை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.