ஏழாவது ஆணி

என் வலது கணுக்காலுக்குள் ஒரு தகடும் ஆறு ஆணிகளும் இருக்கின்றன. ஏழாவதாக நீளமான ஆணி ஒன்றும் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் அந்த இடம் லேசாகக் குடையும்போது, வலியைவிட முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெண்கள் வார்டும் பக்கத்துக் கட்டில் அக்காவும்தான்.

அப்போது தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லயத்து வரிசையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பாடசாலைக்குத் தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை. இருபது வருடம் நடந்த பாதைதான். ஒருநாள் காலை, ஈரப்படி வழுக்கி, பக்கத்தில் வெட்டியிருந்த தண்ணீர்க் கானுக்குள் கால் சிக்கிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் சாய, பாதம் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து, ஒரு கம்பளியில் வைத்துத் தூக்கி என்னை ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். என் கணவர் ஓட்டோ பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். வெளிப்பக்க எலும்பு உடைந்திருந்தது. அதற்குத் தகடு வைத்துவிடலாம். ஆனால் காலின் இரண்டு எலும்புகளையும் கணுக்காலுக்கு மேலே சேர்த்துப் பிடிக்கிற நார்களும் கிழிந்துவிட்டன. அவை ஆறும்வரை எலும்புகள் விலகாமலிருக்க, இரண்டையும் கோத்து ஒரு நீள ஆணி போட வேண்டும். மூன்று மாதத்தில் அதைக் கழற்றிவிடலாம், அதுவரை காலை ஊன்றவே கூடாது என்றார்.

அக்கா வலப்பனைப் பக்கத்தில் மரக்கறி பயிரிடுகிற சிங்களப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லீக்ஸ் பாத்தியில் விழுந்து அதே காயம். எனக்குச் செய்த அன்றே அவருக்கும் ஒப்பரேஷன். அவருக்கு இடது கால், எனக்கு வலது. இரண்டு பேரும் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துப் படுத்திருப்போம். லயங்களுக்கு மரக்கறி கொண்டுபோய் விற்ற பழக்கத்தில் அவருக்குத் தமிழ் வரும். என் சிங்களம் அரைகுறை. நான் அவரை ‘அக்கே’ என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் டீச்சர்.

பன்னிரண்டு நாள் அங்கே இருந்தோம். காலையில் பிளேன்டீ கட்டிலுக்கே வரும். என் கணவர் கொண்டுவருகிற ரொட்டி கல் மாதிரி இருக்கும். அவர் அதற்குமுன் அடுப்புப் பக்கம் போனதில்லை. அக்கா அதைப் பிய்த்துத் தேநீரில் ஊறவைத்துச் சாப்பிட்டு, நன்றாயிருக்கிறது என்று அவரிடமே சொல்வார். அக்காவின் மகள் கொண்டுவரும் பொலொஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறியில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும். வெளியே மூடுபனி இறங்கும், விலகும், மறுபடி இறங்கும். பார்ப்பதற்கு வேறு எதுவுமில்லை. எங்களுக்கு வேறு எதுவும் வேண்டியுமிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் அக்கா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“டீச்சர், இங்க சந்தோசமா இருக்கு. அப்படி நெனைக்கிறது பாவமா?”

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து விடியுமுன் எழும்பாமல் நான் படுத்திருந்தது அந்தப் பன்னிரண்டு நாள்தான். தண்ணீர் பிடிக்க வேண்டாம், அடுப்பு மூட்ட வேண்டாம்.

“பாவமில்ல அக்கே. எனக்கும் அப்படித்தான் இருக்கு,” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் கால் வலித்தது.

வீட்டுக்குப் போன பிறகு நான் டொக்டர் சொன்னபடியே கட்டிலோடு இருந்தேன். கணவரின் ரொட்டியும் மெதுமெதுவாக ரொட்டி மாதிரி ஆனது. அக்காவோடு ஃபோனில் பேசுவேன். கால் எப்படி என்று கேட்டால் நன்றாயிருக்கிறது என்பார், பேச்சை மாற்றுவார்.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் சந்தித்தோம். நான் ஊன்றுகோல்களோடு போயிருந்தேன். அக்கா ஒரு குடையை ஊன்றி நடந்து வந்தார். வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் நடந்துட்டேன் டீச்சர். லீக்ஸ் முத்திப்போச்சு, எடுக்க ஆளில்ல. யாரும் என்னை எழும்பச் சொல்லல்ல. சும்மா படுத்திருக்க எனக்கே வெட்கமா இருந்திச்சு.”

ஒன்றரை மாதத்திலேயே எழும்பிவிட்டாராம். என்னையும் கூட உள்ளே வரச் சொன்னார்.

எக்ஸ்ரேயில் அவருடைய நீள ஆணி நடுவில் இரண்டாக முறிந்திருந்தது. டொக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார். டொக்டர் காலைத் திருப்பி, அழுத்தி, மறுபடி படத்தைப் பார்த்துவிட்டு, நல்ல காலம், எலும்புகள் விலகவில்லை, நாரும் ஆறிவிட்டது என்றார். ஆணி இப்படி முறிவதுண்டாம். துண்டுகள் உள்ளே கிடந்தாலும் கெடுதலில்லை, வெட்டித் தேடினால்தான் தொல்லை. அதன் பிறகு நன்றாக ஏசினார். அக்கா ஏச்சு முழுவதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

சொன்னபடி கேட்ட எனக்குத்தான் மறுபடி கத்தி. விறைப்பு ஊசி போட்டு அன்றைக்கே ஆணியை எடுத்தார்கள். நான் வெளியே வந்தபோது வலப்பனை பஸ் போய்விட்டிருந்தது. அக்கா போகவில்லை. என் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு, என் கணவரோடு உருளைக்கிழங்கு நோயைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு பை லீக்ஸோடு எங்கள் லயத்துக்கு வருவார். ரோட்டிலிருந்து மேட்டில் ஏறித்தான் வரவேண்டும். எங்கேயும் நிற்காமல் ஏறி வருவார். வந்தால் எங்கள் பேச்சு கடைசியில் அந்த வார்டுக்குப் போய்விடும். எந்த நர்ஸ் மிஸ்ஸி கோபக்காரி, எந்தக் கட்டிலுக்குமேல் கூரை ஒழுகியது என்று, பள்ளிக்கூட நாட்களைப் பேசுகிற மாதிரிப் பேசுவோம். என் கணவருக்கு இது விளங்கவே இல்லை. காலை உடைத்துக்கொண்டு கிடந்ததில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்பார்.

போன வருடம் அக்கா மகளோடு இருக்க மாத்தளைப் பக்கம் போய்விட்டார். அங்கே மேடு பள்ளம் குறைவாம், குளிரும் இல்லையாம். நடக்கச் சுகம், ஆனால் நடந்து போய்ப் பேச ஆளில்லை என்று ஃபோனில் சொன்னார்.